எண்ணெய் போடாத ஃபில்டர்

அவருக்கு நுரை என்று பெயர் வைத்தது அவருடைய சகலைதான். கல் குவாரிக்குப் பின்னால் மண்ணைக் குவித்தும் வெட்டியும் பைக் பந்தயத்துக்குப் பாதை போட்டிருந்தார்கள். அதன் ஓரத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை. அதன் வாசலில் முழங்கை வரை சோப்பு நுரையோடு எந்நேரமும் உட்கார்ந்திருக்கும் மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? முதலில் சகலை மட்டும் கூப்பிட்டார். பிறகு மற்ற ஓட்டுபவர்கள், பிறகு டீ கொண்டுவருகிறவர். கடைசியில் வீட்டில் மனைவியும், கோபமாக இருக்கும் நாட்களில் மட்டும், "நுரையக் கழுவிட்டு உள்ள வாங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதையும் பெரிதாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அது சரியில்லை. பட்டறைக்கு வருவதற்கு முன் அவர் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். அங்கே முதலாளியின் தம்பி ஒரு வண்டிக்கு ஏர் ஃபில்டரைக் கோணலாக மாட்டிவிட்டான். இடுக்கு வழியே மண் உள்ளே போய் எஞ்சின் நாசமானது. வண்டிக்காரர் வந்து கத்தியபோது முதலாளி நுரையைக் கை காட்டினார். நுரை வாய் திறக்கவில்லை. முதலாளிக்கே உண்மை தெரியும், சத்தம் அடங்கியதும் தானே சரி செய்துவிடுவார் என்று நம்பி நின்றார். சத்தம் அடங்கியதும் முதலாளி செய்தது அவரை வேலையை விட்டு நிறுத்தியதுதான். பிறகு எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் அவருக்கு முன்னால் அந்தக் கதை போய் நின்றது. வேலையில்லாத மாப்பிள்ளையாக மாமனார் கையில் சாப்பிட வேண்டிவந்தது. மாமனார் நல்ல மனிதர்தான். ஆனால் தட்டில் சாப்பாடு போடும்போது, "போட்டுக்கங்க மாப்ள, இங்க யாரு கேக்கப்போறா" என்பார். கேட்டது போலவே இருக்கும்.

அந்தக் காலத்தில்தான் ஒருநாள் மனைவியிடம் சொன்னார்: "இனிமே செய்யாத தப்புக்கு வாய மூடிக்கிட்டு நிக்க மாட்டேன். அது யாரா இருந்தாலும் சரி."

"சரி, சாப்பிடுங்க" என்றாள் அவள்.

மனைவியின் தங்கைக்குக் கல்யாணம் ஆனபோதுதான் அவருக்கு விடிவு வந்தது. மாப்பிள்ளை மண் பாதையில் பைக் ஓட்டுகிறவர். மேட்டில் ஏறி அந்தரத்தில் போகும்போது இறக்கையை விரித்த மாதிரி முழங்கைகளை அகட்டி வைத்திருப்பார். அதனால் பருந்து என்று பெயர். வாய் ஓயாத ஆள், சிரித்த முகம். பெண் பார்க்க வந்த அன்றே மாமனாரின் பழைய ஸ்கூட்டரை எடுத்துத் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "மாமா, இது ஸ்கூட்டர் இல்ல, சீக்காளி" என்று சொன்னவர். நுரைக்கு வேலையில்லை என்று தெரிந்ததும், பாதைக்காரர்களிடம் பேசி அந்தத் தகரக் கொட்டகையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். "நான் ஓட்டறேன், நீங்க பாத்துக்கங்க சகல. அக்காளும் தங்கச்சியும் ஒரே அடுப்புல சமைக்கட்டும்" என்றார். அடுப்பு தனித்தனியாகத்தான் இருந்தது. ஆனாலும் பக்கத்துப் பக்கத்துத் தெரு.

இருவரும் ஒருவரையொருவர் வாங்க போங்க என்றுதான் பேசிக்கொண்டார்கள், சண்டையிலும்கூட. "நீங்க ஒரு முட்டாளுங்க சகல" என்று பருந்து மரியாதை குறையாமல் திட்டுவதைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பார்கள்.

பட்டறையில் எல்லா வேலையும் நடந்தது. ஆனால் நுரையிடம் ஆட்கள் தேடிவந்தது ஃபில்டருக்காக. குவாரியிலிருந்து வரும் தூள் மற்ற மண் மாதிரி இல்லை. அரைத்த மாவு மாதிரி வெள்ளையாக, மென்மையாக, மூக்குக்குள் போவதே தெரியாமல் போகும். எஞ்சினுக்குள் போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேய்த்துவிடும். ஃபில்டர் வாங்க யாராவது வந்தால் அவர் முதலில் கேட்பது, "எந்த மண்ணுல ஓட்டப்போறீங்க?" என்றுதான். தார் ரோட்டில் போகிறவருக்குத் தாள் ஃபில்டர் போதும் என்பார். இந்தப் பாதையில் தாள் ஒரு மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும். துணி ஃபில்டரில் காற்று நன்றாகப் போகும், தூளும் நன்றாகப் போகும். ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் தாங்கும். அதிலும் வெளியே பெரிய கண், உள்ளே சின்னக் கண் என்று இரண்டு அடுக்கு உள்ளது. ஸ்பாஞ்சை விரலால் அழுத்தி, ஒட்டிய ஓரத்தை விரித்து வெளிச்சத்தில் பார்த்த பிறகே கையில் கொடுப்பார்.

கழுவுவதற்கு மூன்று பேசின்கள். முதலாவதில் மண்ணெண்ணெய், அடுத்ததில் சோப்புத் தண்ணீர், கடைசியில் நல்ல தண்ணீர். பிழியலாம், முறுக்கக் கூடாது. முறுக்கினால் ஒட்டிய இடம் விட்டுவிடும். பெட்ரோலில் முக்கினால் பசையே கரைந்துவிடும். சீக்கிரம் ஆக வேண்டும் என்று சொல்கிறவர்களிடம், "அவசரம்னா வேற ஆள்கிட்ட குடுங்க" என்று பேசினைப் பார்த்தபடியே சொல்வார். நிழலில் காய்ந்த பிறகு எண்ணெய். சிவப்பு நிறத்தில் பிசுபிசுவென்று இருக்கும். ஃபில்டரைப் பாலித்தீன் கவருக்குள் போட்டு, எண்ணெயை ஊற்றி, கவரோடு சேர்த்துப் பிசைவார், நிறம் எங்கும் ஒரே மாதிரி ஏறும்வரை. வெள்ளைத் திட்டு ஒன்று இருந்தாலும் அந்த வழியாகத் தூள் நுழையும். எண்ணெய் அதிகமானால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும், ஆகவே மிச்சத்தைப் பிழிந்து எடுப்பார். மாட்டும்போது விளிம்பில் கிரீஸ். இவ்வளவுதான் வேலை. ஆனால் அவர் செய்வதைப் பார்க்கும்போது, குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டி உட்கார வைக்கிற மாதிரி இருக்கும். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதை யாரும் அவர் முன்னால் சொல்லமாட்டார்கள். பருந்து மட்டும் சொல்வார், "சகலைக்கு இதுங்கதான் புள்ளைங்க" என்று. அவர் சொன்னால் வலிக்காது.

சில வருடங்கள் நன்றாகப் போயின. பருந்து முதலாவதாக வந்தார். பிறகு இரண்டாவது, மூன்றாவது. பிறகு மேடையில் ஏற முடியாத இடம். புதிதாக வந்த பையன்களுக்கு எடை குறைவு, பயமும் குறைவு. பருந்துக்கு முதுகில் வலி, ஒரு மணிக்கட்டு சரியாக மடங்காது. அதையெல்லாம் அவர் சொல்லிக்கொள்ளவில்லை. வண்டியைச் சொன்னார்.

"மூச்சு முட்டுது சகல. மேட்டுல ஏறும்போது இழுக்க மாட்டேங்குது."

"நல்லாத்தான் இழுக்குது. நேத்து நான்தான ஓட்டிப் பாத்தேன்."

"நீங்க ஓட்டறது வேற, நான் ஓட்டறது வேற. அந்தப் பசங்க எல்லாம் துணி ஃபில்டர் போட்டிருக்கானுங்க. எண்ணெய்கூடப் போடறதில்ல."

"அவனுங்க எஞ்சினப் போய் பாருங்க. ரெண்டு பந்தயத்துக்கு ஒரு பிஸ்டன் மாத்தறானுங்க. உங்களால அப்படி மாத்த முடியுமா?"

"ஒரு தடவ போட்டுப் பாக்கலாமே."

"இந்தத் தூளுக்கு நான் போட மாட்டேன். வேற யாராவது போட்டாலும் அந்த வண்டிய இங்க கொண்டாராதீங்க."

பருந்து அன்று சிரிக்கவில்லை. ஆனால் இரண்டு நாளில் பழையபடி வந்து தோளில் தட்டினார். "நீங்க சொன்னா சரிதான். ஆனா வண்டிய இனிமே நானே வீட்டுல வெச்சுக் கழுவிக்கறேன். நீங்க எனக்கு ஃபில்டர மட்டும் ரெடி பண்ணிக் கவர்ல போட்டுக் குடுங்க. நானே மாட்டிக்கறேன். அழுக்கானத சேத்து வெச்சு மொத்தமா கொண்டாரேன். உங்களுக்கு ஏன் சிரமம்?" என்றார். நுரைக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இத்தனை வருடத்தில் சகலை தன் வண்டியில் கை வைத்ததில்லை. இப்போதாவது கற்றுக்கொள்கிறாரே என்று மனைவியிடம்கூடச் சொன்னார். அடுத்த ஒரு மாதம், ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் எண்ணெய் பிசைந்த ஃபில்டர் ஒன்று கவரில் போய்க்கொண்டிருந்தது.

வருடப் பந்தயத்தன்று காலையில் பாதையெங்கும் வெயில். தண்ணீர் லாரி தெளித்த ஈரம் அரை மணிக்குள் காய்ந்துவிட்டது. நுரை புதிதாக ஒரு கவரைக் கொடுத்து, "விளிம்புல கிரீஸ் மறக்காதீங்க" என்றார். "ஆகட்டும் சகல" என்று அதை வாங்கி டூல் பாக்ஸில் போட்டுக்கொண்டு பருந்து போனார். மனைவியும் மச்சினியும் கம்பி வேலியோரம் குடையோடு நின்றிருந்தார்கள். மச்சினி வழக்கமாகக் கத்துவாள், அன்று கத்தவில்லை என்பது நுரைக்குப் பின்னால்தான் நினைவுக்கு வந்தது.

நான்காவது சுற்றோ ஐந்தாவதோ. பெரிய மேட்டில் பருந்து ஏறிக்கொண்டிருந்தபோது அந்த வண்டியின் சத்தம் மட்டும் நின்றது. மற்ற வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே ஒரு சத்தம் நிற்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். நுரைக்குக் கேட்டது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி உச்சியில் தலைகுப்புறச் சாய்ந்தது. அடுத்து வந்தவனால் நிறுத்த முடியவில்லை.

ஆம்புலன்ஸில் மச்சினியையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டார்கள். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. நுரை நின்ற இடத்திலேயே நின்றார். வண்டியை நியூட்ரலுக்குத் தள்ளி இரண்டு பேர் உருட்டிக்கொண்டு வந்து பட்டறை முன்னால் சாய்த்தார்கள். அதில் ஒருவன் சாதாரணமாகத்தான் கேட்டான், "எஞ்சின் பூட்டிக்கிச்சுபோல. நீங்கதானண்ணே பாத்தீங்க?"

அந்த வார்த்தை அவருக்குள் எங்கே போய் விழுந்தது என்று கேட்டவனுக்குத் தெரிய நியாயமில்லை. நுரை கிக்கரை மிதித்துப் பார்த்தார். கல்லை மிதித்த மாதிரி அசையாமல் நின்றது. சீட்டைக் கழற்றினார். உள்ளே இருந்தது அவருடைய ஃபில்டர் இல்லை. துணி ஃபில்டர், சொட்டு எண்ணெய் இல்லாதது, விளிம்பில் கிரீஸும் இல்லை. அதை எடுத்துவிட்டு எஞ்சினுக்குக் காற்றுப் போகும் ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டார். விரல் வெள்ளையாக வந்தது. ஒருநாள் தூள் இல்லை அது. பல நாளாகப் படிந்து இறுகியது. டூல் பாக்ஸைத் திறந்தார். காலையில் கொடுத்த கவர் பிரிக்காமல் கிடந்தது.

அப்போது அவர் என்ன நினைத்தார் என்று பின்னாளில் யோசித்துப் பார்த்ததுண்டு. சகலை பிழைப்பாரா என்று நினைத்திருக்க வேண்டும். ஆனால் நினைத்தது, "இந்தத் தடவ நான் இல்ல" என்று. துணி ஃபில்டரைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒருவன் பைக்கின் பின்னால் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஆஸ்பத்திரியில் நீளமான நடைவழி. சுவரோரம் போட்ட பெஞ்சில் மச்சினி தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டு அக்கா நின்றாள். மாமனார் அதற்குள் வந்து சேர்ந்திருந்தார். நுரையைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"என்ன மாப்ள ஆச்சு? வண்டி திடீர்னு நின்னுருச்சுங்கறாங்க. நீங்கதான பாத்துக்கிட்டீங்க?"

கிழவர் பழி போடவில்லை. கதி கலங்கிப்போனவர் யாரிடமாவது எதையாவது கேட்க வேண்டும், அதற்காகக் கேட்டார். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் அதே கேள்வி இரண்டாவது தடவை.

"நான் இல்ல மாமா" என்றார் நுரை. குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது. "நான் போட்டுக் குடுத்தத அவர் மாட்டவே இல்ல. இதத்தான் மாட்டியிருக்காரு. பாருங்க. வேண்டாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். எனக்குத் தெரியாம மாட்டி, ஒரு மாசமா ஓட்டியிருக்காரு. எஞ்சின் பூரா மண்ணு. அவரே பண்ணிக்கிட்டதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

கையில் இருந்ததை நீட்டினார். அதிலிருந்து தூள் ஆஸ்பத்திரித் தரையில் கொட்டியது. அங்கே நின்றிருந்த வேறு நோயாளிகளின் ஆட்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாய மூடுங்க" என்றாள் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு.

அவரால் முடியவில்லை. "வீட்டுல இருக்கறவங்களுக்குக்கூடவா தெரியாம இருக்கும்?" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொன்னார். மச்சினி தலையைத் தூக்கவில்லை.

அப்போதுதான் உள்ளேயிருந்து டாக்டர் வந்தார். யார் கூட வந்திருப்பது என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் மாமனாருக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் சொல்லி முடித்தபோது நுரையின் கையில் அந்த ஃபில்டர் இன்னும் நீட்டியபடியே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு மாமனார் ஒரே ஒரு தடவை அதைப் பற்றிப் பேசினார். "நீங்க சொன்னது நெசமாவே இருக்கட்டும் மாப்ள. உள்ள அவன் உசிருக்கு இழுத்துக்கிட்டு இருக்கான், வெளிய நீங்க அவன் தப்ப எண்ணிக்கிட்டு நின்னீங்களே. அத சொல்ல வேற நாளா இல்ல?" அதன் பிறகு அவர் நுரையை மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். நுரைக்கு அது புரிந்துதான் இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்பதற்கும் வழியில்லை. எதற்கென்று கேட்பது? சொன்னது பொய் இல்லையே. ஒருநாள் மனைவியிடம், "நான் சொன்னதுல எது தப்பு?" என்று கேட்டார். "எதுவும் தப்பில்ல. அதான் கஷ்டம்" என்று சொல்லிவிட்டு அவள் துணி துவைக்கப் போனாள்.

மாமனாருடையது ஒற்றை அறை. பருந்துக்கு உறவென்று சொல்லிக்கொள்ள யாருமில்லை. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மச்சினி அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். இரண்டு அறை, நடுவில் ஒரு திரை. துணி தைக்கும் கம்பெனியில் வேலை கிடைத்து, காலையில் போய்ப் பொழுது சாய வருவாள். அக்காவிடம் பேசுவாள், பக்கத்து வீட்டாரிடம் சிரிப்பாள். நுரையிடம் மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. அவர் குளியலறை வாசலில் நின்றாலும் அக்காவைத்தான் கூப்பிடுவாள்: "அக்கா, தண்ணி காஞ்சிருச்சு, அவருக்கு வேணும்னா எடுத்துக்கட்டும்." அத்தான் என்று கூப்பிட்டுக்கொண்டு வண்டியில் பின்னால் ஏறி சினிமாவுக்கு வந்த பெண். இப்போது அவர் உள்ளே வந்தால் அவள் திரைக்கு அந்தப் பக்கம். நடுவில் மாட்டிக்கொண்ட அக்கா மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கினாள். சாப்பாட்டு நேரத்தில் அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்கும்.

அவள் தன்னை வெறுக்கிறாள் என்று நுரை நினைத்தார். வெறுக்க உரிமை இருக்கிறது என்றும் நினைத்தார். புருஷன் சாகக் கிடந்தபோது அவனைக் குற்றவாளியாக்கியவன் வீட்டில் சாப்பிட வேண்டியிருக்கிறதே.

வெளியே வேறு கதை ஓடியது. ஆஸ்பத்திரி நடைவழியில் அவர் சொன்னதைக் குடும்பம் மட்டும்தான் கேட்டது. பாதையில் இருந்தவர்கள் கேட்டதெல்லாம், வண்டி பூட்டிக்கொண்டது, வண்டியைப் பார்த்தது நுரை. கை ராசி இல்லை என்று ஆரம்பித்து, சகலைமாருக்குள் மனத்தாங்கல் இருந்தது என்பதுவரை பேச்சு வளர்ந்தது. இங்கே வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் போதும், டூல் பாக்ஸும் பிரிக்காத கவரும் பட்டறையிலேயே இருந்தன. ஆனால் வாய் திறந்தால் அது வீட்டுக்கு வந்து சேரும், திரைக்கு அந்தப் பக்கம் போய் விழும். அவர் சொல்லவில்லை. பட்ட காலிலே படும் என்கிற மாதிரி, பழைய ஒர்க்‌ஷாப் கதையும் எங்கிருந்தோ கிளம்பி வந்து இதோடு சேர்ந்துகொண்டது. வருகிறவர்கள் குறைந்தார்கள். பேசின்களில் தண்ணீர் மாற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் பல நாள் போனது.

இப்படி இரண்டு வருடம் போன பிறகு, மனைவி காய்ச்சல் கண்டு படுத்திருந்த ஒரு விடுமுறை நாளில், மதியச் சாப்பாட்டை மச்சினி கொண்டுவந்தாள். பட்டறைக்குள் வராமல், அடுக்கு டப்பாவை வாசலில் ஸ்டூல் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தாள். அப்போது பாதைக்குப் புதிதாக வந்தவன் ஒருவன் ஃபில்டர் கழுவக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனோடு வந்த சிநேகிதன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "இங்கயா குடுக்கற? சொந்த சகலையையே மேல அனுப்புனவருடா."

நுரை பேசினில் கையை வைத்தபடி இருந்தார். நிமிரவில்லை.

"யாரு சொன்னது?" என்றாள் மச்சினி.

அவன் திரும்பிப் பார்த்தான். யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. "எல்லாருந்தாங்க சொல்றாங்க."

"செத்தது என் வீட்டுக்காரர். ஃபில்டர மாத்தி மாட்டிக்கிட்டது அவரேதான். இவர் குடுத்த எதையும் அவர் மாட்டல. எல்லாருந்தான சொன்னாங்க, எல்லார்கிட்டயும் போய் இதயும் சொல்லு."

இருவரும் ஃபில்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கழுவக் கொடுக்கவும் இல்லை. மச்சினி போகவில்லை. படுக்கப் போட்டிருந்த டயர் மேல் உட்கார்ந்தாள். நுரை கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றாள். அவரைப் பார்க்காமல், பேசினைப் பார்த்துப் பேசினாள். "நீங்க அன்னிக்கு ஆஸ்பத்திரில கேட்டீங்களே, வீட்டுல இருக்கறவங்களுக்குக்கூடவா தெரியாதுன்னு. தெரியும். அவர் வாங்கிட்டு வந்த அன்னிக்கே தெரியும். நீங்க குடுத்த கவர் ஒண்ணொண்ணையும் நான்தான் கட்டிலுக்கு அடியில எடுத்து வெச்சேன். அத்தான்கிட்ட சொல்லிராத, இந்தப் பந்தயம் மட்டும்னாரு. ஜெயிச்சா நிறுத்திடறேன்னாரு. ஒரு மாசம் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தேன், சொல்லல."

நுரைக்கு அந்த வார்த்தையைச் சொன்னதே சரியாக நினைவில் இல்லை. கோபத்தில் கையை வீசியபோது பட்ட மாதிரி வந்த வார்த்தை. இரண்டு வருடமாக அவள் தன் முகத்தில் விழிக்காதது அதனால்தான் என்று இப்போதுதான் புரிந்தது.

"உங்களப் பாத்தா அதுதான் கேக்குது" என்றாள். "நீங்க பேசாம இருந்தாலும் கேக்குது."

அவருக்குள் ஏதோ பொங்கி வந்தது. இரக்கம் என்று சொன்னால் பொய். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இன்று இருந்திருப்பார் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதோடு, தன்னைப் பற்றிப் பேசப்பட்ட பேச்செல்லாம், மாமனாரின் முகம், மனைவி பேசாத மாதங்கள் எல்லாம் சேர்ந்து வந்தன. அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. ஆறுதலைத் தேடினால் அந்த வார்த்தைதான் முன்னால் வந்து நின்றது. ஆகவே எதுவும் சொல்லவில்லை.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு அவர் முகத்தை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். அங்கே இருந்ததைப் படித்துக்கொண்டாள்போல.

"சாப்பாடு ஆறிரும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அந்த வாரமே அவள் கம்பெனியில் கூட வேலை செய்யும் இரண்டு பெண்களோடு சேர்ந்து ஊரின் இன்னொரு கோடியில் அறை எடுத்துக்கொண்டாள். துணிமணியை இரண்டு பைகளில் அடைத்துக்கொண்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள். காரணம் கேட்டதற்கு, "வேலைக்குப் பக்கம்க்கா" என்றாள்.

மனைவி அதை நம்பவில்லை. "அன்னிக்குச் சாப்பாடு கொண்டாந்தாளே, நீங்க அவள என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"சொல்லக் கூடாத எடத்துல சொன்ன மனுஷன் நீங்க. இப்ப ஒண்ணும் சொல்லலன்னா நான் நம்பணுமா?"

மச்சினி சொன்னதை அவர் மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் தன் தலைமேல் இருக்கும் பாரம் கொஞ்சமாவது இறங்கும், ஆனால் அது தங்கையின் தலைக்கு மாறும். அதனால்தான் சொல்லவில்லை என்றால் அவரைப் பெரிய மனிதராக்குவதாகிவிடும். அவருக்குப் பேச்சே பயமாகிவிட்டிருந்தது. எதை எடுத்துச் சொன்னாலும் எங்கேயோ போய் யாரையோ அடிக்கும் என்று ஒரு பயம்.

பந்தயப் பாதையும் நிலைக்கவில்லை. குவாரிக்காரர்கள் இன்னும் தோண்ட வேண்டுமென்று அந்த மேடுகளையே வெட்டி எடுத்தார்கள். தகரக் கொட்டகையைப் பிரித்தபோது நுரைக்கு அங்கேயே, குவாரியின் லாரி ஷெட்டில் வேலை கொடுத்தார்கள். லாரிகளுக்குத் தாள் ஃபில்டர். குடம் அளவுக்கு இருக்கும். தண்ணீரும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. காற்று பம்ப்பை வைத்து உள்ளிருந்து வெளியே அடித்து, தட்டி, மறுபடி மாட்ட வேண்டியது. அடிக்கும்போது எழும்பும் வெள்ளைத் தூளில் ஆளே தெரியாது. கைகள் இப்போது காய்ந்து வெடித்திருந்தன. நுரை என்று கூப்பிட அங்கே யாருமில்லை. புதியவர்கள் 'பெரியவரே' என்றார்கள், அவருக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை என்றாலும்.

மாமனார் இறந்தபோது அவரும் மச்சினியும் ஒரே கூட்டத்தில் நின்றார்கள். அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் மச்சினிக்கு மறுபடி கல்யாணம் நிச்சயமாயிற்று. தையல் கம்பெனியில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர், மனைவியை இழந்தவர், அமைதியானவர் என்று அக்காவிடம் போனில் சொன்னாள். அக்கா சமையலறையில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். கடைசியில் தங்கை, "அத்தானையும் கூட்டிட்டு வாக்கா" என்றாள்.

அக்கா, "பாக்கறேன்டி" என்றாள்.

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அடுப்படியிலேயே நின்றாள். முன் அறையில் அவர் செருப்பை ஆணி அடித்துச் சரிசெய்துகொண்டிருந்தார். ஒருமுறை ஆஸ்பத்திரியில் பட்டது போதும், நல்ல நாளும் அதுவுமாக இவர் அங்கே வந்து நிற்க வேண்டாம், வாயைத் திறந்தாலும் ஆபத்து, திறக்காவிட்டாலும் எல்லோரும் அவர் முகத்தையே பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. தங்கைக்கு இனியாவது ஒரு குறையும் வரக் கூடாது.

வெளியே வந்து, "அவளுக்குக் கல்யாணம். நான் போய்ட்டு வந்துடறேன்" என்றாள்.

அவர் ஆணியை அடிப்பதை நிறுத்தினார். "நான்…" என்று ஆரம்பித்தார்.

"உங்களுக்கு லீவு கிடைக்காதில்ல" என்றாள் அவள்.

அவர் செருப்பைத் திருப்பிப் பார்த்தபடி, "ஆமா, லாரி நெறைய இருக்கு" என்றார்.

கல்யாணத்தன்று காலை வேலைக்குப் போகும் வழியில் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்தார். அவள் நல்ல சேலை கட்டியிருந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பார்த்து உட்கார வைத்து, பையை மடியில் கொடுத்தார். "சாயங்காலம் இருட்டறதுக்குள்ள வந்துரு" என்றார். அவள் தலையாட்டினாள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. அதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். பஸ் திரும்பும்வரை நின்றுவிட்டு அவர் குவாரிக்கு நடந்தார். ஷெட்டில் மூன்று லாரிகள் காத்திருந்தன. மதியம் அவள் காலையிலேயே கட்டி வைத்த சாப்பாட்டை, கையைக் கழுவிக்கொண்டு, லாரி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்.